வேறு வீட்டில் ஒரு பிறந்தநாள்

வெளிநாட்டில், முன்பின் அறியாத குடும்பத்துடன் வாழும் பிள்ளைக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் நாள்தான் பெரிய பரீட்சை. 1888ல் அதில் தடுமாறி, 1931ல் தேறிய ஒருவரின் அனுபவம் இன்றைய பிள்ளைகளுக்கும் பாடம்

கம்பளியில் செய்த இரண்டு நாய்க்குட்டி பொம்மைகள். இளஞ்சிவப்பு நிறத்தில் மூன்று பிறந்தநாள் மெழுகுவர்த்திகள். ஒரு தகரத் தட்டு. ஒரு நீலப் பென்சில். கொஞ்சம் ஜெல்லி மிட்டாய்.

1931 அக்டோபர் 2 அன்று 62 வயது நிறைந்த மகாத்மா காந்திக்குக் கிழக்கு லண்டனின் ஏழைக் குழந்தைகள் கொடுத்த பரிசுகள் இவை. இரண்டாவது வட்டமேஜை மாநாட்டில் காங்கிரசின் ஒரே பிரதிநிதியாகக் கலந்துகொள்ள அவர் லண்டன் வந்து அப்போது 20 நாட்கள் ஆகியிருந்தன. மாநாட்டு மண்டபத்துக்குப் பக்கத்திலேயே வசதியான இடம் கிடைத்திருக்கும். ஆனால் அவர் தங்கியது தொழிலாளர் குடியிருப்புகளின் நடுவே இருந்த கிங்ஸ்லி ஹால் என்ற சமூக நிலையத்தில். அதை நடத்திய மூரியல் லெஸ்டர் 1926ல் சபர்மதி ஆசிரமத்தில் விருந்தாளியாகத் தங்கியவர். இப்போது அவர் விருந்தளிப்பவர், காந்தி விருந்தாளி.

அன்று லண்டனில் அவருக்குப் பெரியவர்களின் விருந்தும் நடந்தது. இந்திய விடுதலையை ஆதரித்த சங்கங்களும் இண்டிபெண்டன்ட் லேபர் கட்சியும் சேர்ந்து ஏற்பாடு செய்திருந்தன. பேச்சுகள், பாராட்டுகள் எல்லாம் முறைப்படி நடந்தன. ஆனால் அந்தப் பிறந்தநாளைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் மறக்காமல் குறிப்பிடுவது கம்பளி நாய்க்குட்டிகளைத்தான். விருந்து கொடுத்தவர்கள் தலைவரைக் கௌரவித்தார்கள். பொம்மை கொடுத்தவர்களோ தங்கள் தெருவில் குடிவந்த ஒரு மாமாவுக்குப் பிறந்தநாள் என்று நினைத்துக் கொடுத்தார்கள். அவர்கள் அவரை 'அங்கிள் காந்தி' என்றுதான் அழைத்தார்கள்.

லண்டனில் அவருக்கு அது முதல் பிறந்தநாள் அல்ல. 43 ஆண்டுகளுக்கு முன் அதே நகரத்தில் அவருக்கு 19 வயது நிறைந்தது. அப்போது பொம்மையும் இல்லை, மெழுகுவர்த்தியும் இல்லை. அழுகைதான் இருந்தது.

இந்த இரண்டு பிறந்தநாட்களுக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் இன்றும் பரிமாற்றத் திட்டங்களில் வெளிநாடு போகும் ஒவ்வொரு பள்ளிப் பிள்ளையும் ஒரே வருடத்தில் நடந்து கடக்க வேண்டியிருக்கிறது.

பட்டினி கிடந்த விருந்தாளி

காந்தி தன் சுயசரிதையில் எழுதியிருப்பதன்படி, அவர் இங்கிலாந்தில் கப்பலை விட்டு இறங்கியது 1888 செப்டம்பரின் கடைசி நாட்களில். வெள்ளை ஃபிளானல் உடையுடன் இறங்கியவர், அந்தப் பருவத்தில் அப்படி உடுத்தியிருப்பது தான் மட்டும்தான் என்று கண்டு கூசிப்போனார். முதலில் தங்கிய ஓட்டல் கட்டுப்படியாகவில்லை. வாடகை அறைக்கு மாறினார். பகல் எப்படியோ கழிந்தது. இரவானால் அம்மாவின் நினைவு வந்து கண்ணீர் பெருகியது. யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. பிறந்தநாள் என்ற பேச்சே அந்தப் பக்கங்களில் இல்லை.

அப்போது அவரைப் பார்க்க வந்தவர் டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா. அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு இது சரிப்படாது என்று தலையை ஆட்டினார். இங்கிலாந்துக்கு வருவது படிப்புக்காக மட்டுமல்ல, இங்குள்ளவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவும்தான். அதற்கு ஒரு குடும்பத்துடன் இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. இன்று பரிமாற்றத் திட்டங்களின் விளம்பரப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்குவதை அவர் அன்றைக்கே இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

முதலில் ரிச்மண்டில் ஒரு நண்பரிடம் ஒரு மாதம் 'பயிற்சி'. பிறகு மேற்கு கென்சிங்டனில் ஒரு வீடு. வீட்டுக்காரம்மா ஒரு விதவை. இந்தியாவுடன் தொடர்புள்ள குடும்பம். மாமிசம் சாப்பிடுவதில்லை என்று தாய்க்குச் செய்துகொடுத்த சத்தியத்தை அவரிடம் காந்தி முதலிலேயே சொல்லிவிட்டார். அந்த அம்மாளும் அதை மதித்தார். தட்டில் மாமிசம் வரவில்லை.

ஆனால் வேறெதுவும் போதுமான அளவு வரவில்லை. உப்பு, காரம் இல்லாத வேகவைத்த காய்கறி. ரொட்டித் துண்டுகள். சாப்பாடு பிடித்திருக்கிறதா என்று அந்த அம்மாள் தினமும் கேட்பார். இளைஞர் வெட்கப்பட்டுக்கொண்டு வைத்ததைச் சாப்பிட்டு எழுந்துவிடுவார். அந்த வீட்டில் இரண்டு பெண்கள். பாவம் பார்த்து இன்னும் ஒன்றிரண்டு துண்டு ரொட்டியைத் தட்டில் வைப்பார்கள். ஒரு முழு ரொட்டியே இருந்தால்தான் அந்தப் பசி அடங்கும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? பிற்பாடு ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்த அன்றுதான், இங்கிலாந்து வந்தபின் முதன்முறையாக அவர் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அவர் வாய் திறந்து சொன்னது காப்பாற்றப்பட்டது. சொல்லாமல் விட்டது வயிற்றை வாட்டியது. அந்த வீட்டார் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வீடே பள்ளிக்கூடம்

காந்தி லண்டனிலிருந்து திரும்பியதற்கு மறு ஆண்டு, 1932ல், டொனால்ட் வாட் என்ற அமெரிக்கர் தன் நாட்டு இளைஞர்களை ஐரோப்பாவுக்கு அழைத்துப்போனார். 'எக்ஸ்பெரிமெண்ட் இன் இன்டர்நேஷனல் லிவிங்' என்று தொடங்கிய அந்த முயற்சிதான் வேற்று நாட்டுக் குடும்பத்தோடு தங்குவதையே ஒரு படிப்பாக ஆக்கியது. இரண்டு உலகப் போர்களிலும் ஆம்புலன்ஸ் ஓட்டிய அமெரிக்கத் தொண்டர்களின் அமைப்பான ஏ.எஃப்.எஸ்., 1947ல் பள்ளி மாணவர் பரிமாற்றத்தைத் தொடங்கியது. போர்க்களத்தில் காயம்பட்டவர்களைச் சுமந்தவர்கள், அடுத்த போர் வராமல் இருக்க ஒருவர் வீட்டில் மற்றவர் பிள்ளை வளர்வதே வழி என்று நம்பினார்கள். ரோட்டரி சங்கங்களும் இதே பாதையில் வந்தன. ரோட்டரி திட்டத்தில் போகும் பிள்ளை ஒரே வருடத்தில் இரண்டு மூன்று குடும்பங்களில் மாறி மாறித் தங்குவது வழக்கம்.

இந்த ஏற்பாட்டில் இரண்டு வகை உண்டு. மொழி கற்கப் போகிறவர்கள் பணம் கொடுத்துத் தங்கும் வீடுகள் ஒரு வகை. நம் ஊர் 'பேயிங் கெஸ்ட்' மாதிரி. பள்ளிப் பரிமாற்றத் திட்டங்களில் பெரும்பாலும் குடும்பங்கள் காசு வாங்காமல் பிள்ளையை ஏற்றுக்கொள்கின்றன. அமெரிக்காவில் இந்தத் திட்டத்தில் வரும் 15 முதல் 18 வயது வரையிலான மாணவர்களை வைத்துக்கொள்ளும் குடும்பங்களுக்குப் பணம் தரக்கூடாது என்பது விதி. ஏன் ஏற்கிறார்கள்? வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால் நன்றாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அந்தப் பிள்ளைக்கு வருடத்தில் ஒரு நாள் பிறந்தநாள் வந்தே தீரும். தீபாவளியோ பொங்கலோ ஈதோ கிறிஸ்துமஸோ எல்லாருக்கும் பொதுவான பண்டிகை. அது வரும்போது ஏக்கம் வந்தாலும் ஊரில் எல்லாரும் கொண்டாடுகிறார்கள் என்ற ஆறுதல் உண்டு. பிறந்தநாள் அப்படியல்ல. அன்று ஒருவரை ஒருவர் நினைத்தால்தான் உண்டு. நினைக்காவிட்டால் அது வெறும் செவ்வாய்க்கிழமை.

எந்த நள்ளிரவு?

கோவையிலிருந்து ஜெர்மனிக்குப் போன 16 வயதுப் பெண் ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். டிசம்பரில் பிறந்தநாள். அம்மா இந்திய நேரப்படி சரியாக இரவு 12 மணிக்குத் தொலைபேசியில் கூப்பிடுகிறார். ஜெர்மனியில் அப்போது முதல் நாள் மாலை மணி 7.30தான். ஏற்றுக்கொண்ட குடும்பம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறது. 'ஹேப்பி பர்த்டே' என்ற குரல் கேட்டதும் ஜெர்மானியத் தாயின் முகம் மாறுகிறது.

காரணம் கோபமல்ல. பிறந்தநாளுக்கு முன்னதாகவே வாழ்த்துச் சொன்னால் ஆகாது என்பது ஜெர்மானியர்களின் நம்பிக்கை. பூனை குறுக்கே போனால் நாம் தயங்குவது போல. அங்கே நள்ளிரவு 12 அடிக்கும் வரை விழித்திருந்து, அதற்குப் பிறகே கட்டிப்பிடித்து வாழ்த்துவார்கள். நம் அம்மாவோ முதல் ஆளாக வாழ்த்த வேண்டும் என்ற ஆசையில் அங்கே அபசகுனம் செய்துவிட்டார். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் பிள்ளைக்கு இன்னும் சங்கடம். இந்தியாவின் நள்ளிரவு அங்கே குளிர்காலத்தில் முதல் நாள் பிற்பகல் 1.30. பள்ளிக்கூட நேரம்.

மறுநாள் காலை இன்னொரு அதிர்ச்சி. ஜெர்மனியில் பிறந்தநாள் கொண்டாடுகிறவர்தான் வகுப்புக்குக் கேக் கொண்டுபோக வேண்டும். யாராவது தனக்குக் கேக் கொண்டுவருவார்கள் என்று காத்திருந்தால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். யோசித்துப் பார்த்தால் இது நமக்குப் புதிதும் அல்ல. சீருடை இல்லாமல் 'கலர் டிரஸ்' போட்டுக்கொண்டு, டாஃபி டப்பாவோடு வகுப்பு வகுப்பாகப் போகும் வழக்கம் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை எந்த இந்தியப் பள்ளிக்குத்தான் தெரியாது? எட்டு வயதில் கூச்சமில்லாமல் செய்ததை 16 வயதில், வேறு மொழியில் செய்வதற்குத்தான் தைரியம் தேவைப்படுகிறது.

ஹாலந்தில் பிறந்தநாளன்று நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருகிறார்கள். வருகிறவர் பிறந்தநாள்காரரை மட்டும் வாழ்த்துவதில்லை. அப்பா, அம்மா, அண்ணன், பாட்டி என்று வட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து வாழ்த்துச் சொல்கிறார். 'உங்கள் மகளுக்காக வாழ்த்துகள்' என்று ஏற்றுக்கொண்ட தாயிடம் யாரோ சொல்லும்போது, அந்த மகள் தான்தான் என்பது பரிமாற்ற மாணவிக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைக்கும்.

அந்நாட்டு வீடுகளில் இன்னொரு விசேஷம் பிறந்தநாள் காலண்டர். அது தொங்கும் இடம் கழிப்பறை. தினமும் எல்லார் கண்ணிலும் படும் இடம் அதுதானே என்பது அவர்கள் நியாயம். அந்தக் காலண்டரில் கிழமையோ ஆண்டோ கிடையாது. தேதியும் பெயரும் மட்டும். ஒவ்வோர் ஆண்டும் அதையே மறுபடி திருப்பிக்கொள்கிறார்கள். எனவே அதில் ஒரு பெயர் எழுதப்பட்டால், பிள்ளை ஊர் திரும்பிப் பல வருடங்கள் ஆனாலும் அது அங்கேயே இருக்கும்.

ஒவ்வொரு நாட்டிலும் ஒரு வழக்கம். டென்மார்க்கில் சாப்பாட்டு மேஜையில் தேசியக் கொடியை வைக்கிறார்கள். அது நாட்டுப்பற்று அல்ல, கொண்டாட்டத்தின் அடையாளம். மெக்சிகோவில் முதல் வாய் கேக்கைக் கையில் எடுக்காமல் நேரடியாகக் கடிக்கச் சொல்வார்கள். குனிந்தால் பின்னாலிருந்து ஒரு கை தலையைக் கேக்குக்குள் அழுத்தும். கொரியாவில் காலையில் கடற்பாசி சூப். பிள்ளை பெற்றவளுக்கு அங்கே பத்தியமாகக் கொடுப்பது அதுதான். பிறந்தவர் தன்னைப் பெற்றவளை நினைத்துக்கொண்டு அதைக் குடிக்கிறார். வீட்டை விட்டு வெகுதூரம் வந்திருக்கும் பிள்ளைக்கு அந்த சூப் தொண்டையில் எளிதில் இறங்காது.

பிரேசிலில் இன்னும் நுட்பமான சோதனை. கேக்கின் முதல் துண்டை வெட்டி, அங்கே இருப்பவர்களில் தனக்கு மிகவும் வேண்டியவரிடம் கொடுக்க வேண்டும். கூட்டம் முழுவதும் யாருக்கு என்று பார்த்துக்கொண்டிருக்கும். வந்து நான்கே மாதமான பிள்ளை யாரிடம் கொடுக்கும்? தினமும் சோறு போடும் தாயிடமா, அறையைப் பகிர்ந்துகொண்ட சகோதரியிடமா? சொந்த அம்மா 14,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறாள் என்ற குற்ற உணர்ச்சி வேறு. எப்படியோ ஒருவரிடம் தட்டை நீட்டியாக வேண்டும். நீட்டிய அந்த நொடியில் அந்த வீட்டில் உறவு ஒன்று அறிவிக்கப்பட்டுவிடுகிறது.

ஊதி அணைப்பதா?

நம் பிள்ளைகள் கூடவே எடுத்துப்போகும் வழக்கங்களும் லேசானவை அல்ல. விளக்கை வாயால் ஊதி அணைக்கக்கூடாது என்று சொல்லி வளர்த்த வீடுகள் ஏராளம். அணைப்பது என்ற சொல்லையே தவிர்த்து 'விளக்கைக் குளிர வை' என்று சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளையை 17 மெழுகுவர்த்திகளுக்கு முன் நிறுத்தி ஒரே மூச்சில் ஊது என்கிறார்கள். இந்திய நகரங்களிலும் கேக் வெட்டும் வழக்கம் வெகுகாலமாக இருப்பதால் பலருக்கு இது பழகிவிட்டது. பழகாதவர்களுக்கு ஒரு சமாதானம்: ஜெர்மானியக் குழந்தைகளின் பிறந்தநாளில் வைக்கும் மெழுகுவர்த்திகளுள் ஒன்றை 'உயிர் விளக்கு' என்றே சொல்கிறார்கள். விளக்குக்கும் ஆயுளுக்கும் முடிச்சுப் போட்டது நாம் மட்டும் இல்லை.

அடுத்தது முட்டை. கேக் என்றால் முட்டை இல்லாமல் எப்படி என்று ஐரோப்பியத் தாய் விழிப்பார். முட்டை சாப்பிடாத பிள்ளை அதை முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால் அவர் வேறு வழி தேடியிருப்பார். கேக்கை வெட்டும்போது சொன்னால் இரண்டு பேர் மனமும் புண்படும்.

பரிசு விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. நம் ஊரில் பரிசை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, எல்லாரும் போனபின் பிரிப்பதுதான் பண்பு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் கொடுத்தவர் கண்முன் பிரித்து, நன்றாக இருக்கிறது என்று சொல்வதுதான் பண்பு. பிரிக்காமல் வைத்தால் அலட்சியம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஊரிலிருந்து பெட்டி நிறைய இனிப்பு அனுப்ப நினைக்கும் பெற்றோர்களுக்கு ஒரு தகவல். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் வெளியிலிருந்து பாலும் பாலில் செய்த பண்டங்களும் பயணிகளின் பெட்டியில் வரக்கூடாது. பால்கோவாவும் பேடாவும் விமான நிலையத்தோடு நின்றுவிடும். சேமியாவும் ஏலக்காயும் போதும்; பாலும் சர்க்கரையும் அங்கேயே கிடைக்கும். பிறந்தநாளன்று பிள்ளை தானே ஒரு பாத்திரம் பாயசம் காய்ச்சி மேஜையில் வைத்தால் அதற்கு இருக்கும் மதிப்பு, பெட்டியில் வந்த எந்த இனிப்புக்கும் இருக்காது.

இன்னொரு சங்கடம் கோப்பையில் வரும். ஜெர்மனியில் 16 வயதானவர் பீரும் ஒயினும் வாங்கிக் குடிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. பிறந்தநாள் என்று மேஜையில் ஒரு கோப்பையை வைப்பது அங்கே விகல்பமான செயல் அல்ல. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். 19 வயது காந்தி செய்ததைப் போல, சத்தியம் என்ன என்பதைக் கோப்பை வருவதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

கேட்காமல் கிடைக்குமா?

சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. விருந்தாளி கேட்கக்கூடாது, விருந்தளிப்பவர்தான் குறிப்பறிந்து செய்ய வேண்டும் என்பது நம் பழக்கம். 'போதும்' என்று இலையை மறைப்பதும், மறைத்த கையை விலக்கி மேலும் பரிமாறுவதும் நாம் ரசித்து நடத்தும் நாடகம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 'போதும்' என்றால் போதும்தான். இரண்டாவது முறை கேட்கமாட்டார்கள். கேட்டால் அது வற்புறுத்தல். மேற்கு கென்சிங்டன் வீட்டில் காந்தி பட்டினி கிடந்தது இந்த இடைவெளியில்தான்.

பிறந்தநாளுக்கும் இதே கதிதான். தேதி விண்ணப்பத்தில் இருக்கிறது, அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று பிள்ளை நினைக்கிறது. பிள்ளை ஒன்றும் சொல்லவில்லையே, அவர்கள் மதத்தில் பிறந்தநாள் கொண்டாடுவது உண்டோ இல்லையோ, நாமாக ஏதாவது செய்து சங்கடப்படுத்த வேண்டாம் என்று குடும்பம் நினைக்கிறது. இரண்டு பக்கமும் மரியாதை. விளைவு, மாலையில் ஒரு சின்ன கேக், ஒரு கைக்குலுக்கல். இரவில் போர்வைக்குள் அழுகை. காலையில் கண் வீங்கியிருப்பதைப் பார்த்து உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். இல்லை என்று பதில் வரும்.

நம் பிள்ளைகளில் பலருக்குப் பிறந்தநாளே இரண்டு. ஒன்று பள்ளிச் சான்றிதழில் உள்ள ஆங்கிலத் தேதி. இன்னொன்று மாதமும் நட்சத்திரமும் பார்த்து வருவது. கோவில் அர்ச்சனை அன்றைக்குத்தான். குஜராத்தில் காந்தியின் பிறந்தநாளும் அப்படித்தான். பாத்ரபத மாதத் தேய்பிறைத் துவாதசி. தன் பிறந்தநாளை இராட்டை நூற்கும் நாளாகக் கொண்டாடுங்கள் என்று அவர் சொன்னதால் அந்தத் திதிக்கு 'ரெண்டியா பாரஸ்' என்றே பெயர் வந்துவிட்டது. இந்த இரண்டாவது பிறந்தநாளைப் பற்றி அயல்நாட்டுக் குடும்பத்திடம் சொல்லிப் பார்க்கலாம். ஒவ்வொரு வருடமும் தேதி மாறும் பிறந்தநாளா என்று ஆச்சரியப்படுவார்கள். நிலாவைப் பற்றியும் நட்சத்திரத்தைப் பற்றியும் பேச்சு வளரும். மூன்று மாதமாக 'யெஸ்', 'நோ', 'தேங்க் யூ' என்று மட்டும் பேசிக்கொண்டிருந்த மேஜையில் முதல் உண்மையான உரையாடல் அதுவாகவே இருக்கக்கூடும்.

இந்தியாவுக்கு வரும் அயல்நாட்டுப் பிள்ளையின் நிலைமை இதற்கு நேர் எதிர். புனேயிலோ சென்னையிலோ ஒரு வீட்டில் தங்கும் பெல்ஜிய மாணவனுக்குப் பிறந்தநாள் என்று தெரிந்தால் போதும். காலையில் தலைக்கு எண்ணெய், புதுத் துணி, ஆரத்தி, நெற்றியில் குங்குமம், கோவில், பாயசம், மாலையில் அவன் முகமே பார்த்திராத 40 உறவினர்கள். தனியாக ஒரு மணி நேரம் இருக்க வேண்டும், தன் அம்மாவிடம் அமைதியாகப் பேச வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கும். அவனும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. அங்கே குறைவாகச் செய்து அழவைப்பது போலவே, இங்கே அதிகமாகச் செய்து அழவைப்பதும் நடக்கும்.

நாய்க்குட்டிகளுடன் திரும்பியவர்

1931ல் லண்டனுக்கு வந்த காந்தி, கேட்கத் தெரியாமல் பட்டினி கிடந்த அந்த இளைஞரல்ல. தன் ஆகாரம், பிரார்த்தனை நேரம், விடிவதற்கு முந்திய நடை என்று எல்லாவற்றையும் விருந்தளித்தவர்களுக்குத் தெளிவாகத் தெரியப்படுத்திவிட்டார். மொட்டைமாடியில் ஒரு சிறிய அறை அவருக்குப் போதுமாக இருந்தது. மாநாட்டு இடத்துக்கும் கிங்ஸ்லி ஹாலுக்கும் தூரம் அதிகம் என்பதால் நகரத்தின் நடுவே நைட்ஸ்பிரிட்ஜில் ஓர் அலுவலகம் வைத்துக்கொண்டார். என்றாலும் படுக்க மட்டும் கிழக்கு லண்டனுக்கே திரும்பினார். எவ்வளவு வேலை இருந்தாலும் அந்தத் தெருவில் நடந்தார், கூட ஓடிவந்த குழந்தைகளோடு பேசினார்.

தனக்கு வேண்டியதைச் சொல்லத் தெரிந்திருந்தது மட்டுமல்ல, கொடுப்பதை வாங்கிக்கொள்ளவும் அவருக்குத் தெரிந்திருந்தது. 1901ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டபோது வழியனுப்பியவர்கள் பொன்னும் வைரமுமாகப் பரிசுகள் கொடுத்தார்கள். இரவெல்லாம் தூங்காமல் யோசித்து, கஸ்தூர்பாவின் கண்ணீரையும் மீறி, அத்தனையையும் பொதுப் பணிக்கான அறக்கட்டளையிடம் ஒப்படைத்தவர் அவர். அப்படிப்பட்டவர் கம்பளி நாய்க்குட்டிகளையும் தகரத் தட்டையும் நீலப் பென்சிலையும் மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. இந்தியாவுக்குக் கொண்டுபோனார்.

திரும்பியபின் அவரும் மறக்கவில்லை. தன்னைக் காவல் காத்த ஸ்காட்லண்ட் யார்டு அதிகாரிகள் இருவருக்கும் இந்தியாவிலிருந்து கடிகாரங்கள் அனுப்பினார். நல்ல விருந்தாளி வாங்கிக்கொண்டு போவதோடு கணக்கை முடிப்பதில்லை.

வட்டமேஜை மாநாடு தோல்வியில் முடிந்தது. இந்தியா திரும்பிய ஒரு வாரத்துக்குள், 1932 ஜனவரியில், அவர் மறுபடி சிறைக்குப் போனார். அரசியல் கணக்கில் அந்த லண்டன் பயணத்தில் மிஞ்சியது அதிகமில்லை. ஆனால் கிங்ஸ்லி ஹால் இன்னும் இருக்கிறது. அவர் படுத்த மாடி அறையையும் பாதுகாத்து வருகிறார்கள்.

19 வயதில் லண்டனில் அழுத அந்தப் பையன் தன் தாயை அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. 1891ல் பம்பாயில் கப்பலைவிட்டு இறங்கியபோதுதான் புத்லிபாய் காலமான செய்தியை அண்ணன் சொன்னார். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தத் துயரம் இல்லை. அம்மாவின் குரலும் முகமும் கைக்குள் இருக்கின்றன. ஆனாலும் தொலைபேசியை வைத்தபின், அடுத்த அறையில் வேறொரு மொழியில் பேசிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. கதவைத் திறந்து வெளியே போய், "நாளைக்கு எனக்குப் பிறந்தநாள், பாயசம் செய்யட்டுமா?" என்று கேட்கும் வேலையை எந்தத் தொலைபேசியும் செய்துகொடுக்காது.